"ஓரமாப் போ!": மெயின் ரோடா, உள்ரோடா என்ற தொண்ணூறு வருஷச் சண்டை

சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவர் தினம் ஒரு தடவையாவது கேட்கிற வார்த்தை "ஓரமாப் போ". பஸ் கண்டக்டர் தகரத்தைத் தட்டிக்கொண்டே சொல்வார். ஆட்டோக்காரர் சொல்வார். பின்னால் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டும் அம்மாவும் சொல்வார். இதையே அக்கறையோடு சொல்கிறவர்களும் உண்டு. "ஏன் சார் மெயின் ரோட்டுல போய் உயிரைக் குடுக்கறீங்க? உள்ரோட்டுலயே போயிடலாமே?"

நியாயமான கேள்விதான். அதனால் அம்பத்தூரிலிருந்து அண்ணா நகருக்கு உள்ரோட்டிலேயே போய்ப் பார்த்தேன். எஸ்டேட்டைத் தாண்டி முகப்பேர் தெருக்களில் நுழைந்தால் முதல் பத்து நிமிஷம் சொர்க்கம். மரநிழல், கோலம் போட்ட வாசல்கள், ஹாரன் சத்தமே கிடையாது. அப்புறம் நாய்கள், பாதி பெயர்ந்த ஸ்பீடு பிரேக்கர்கள், எங்கே முடியும் என்று தெரியாத முட்டுச்சந்துகள். எல்லாவற்றையும் சமாளித்து வந்தால் திருமங்கலம் பக்கம் இன்னர் ரிங் ரோடு குறுக்கே நிற்கிறது. எந்தச் சந்து வழியாக வந்தாலும் அதைத் தாண்டியாக வேண்டும். நான் எந்தப் போக்குவரத்துக்குப் பயந்து ஒதுங்கினேனோ, அது மொத்தமும் அங்கே எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருந்தாக வேண்டுமே என்று தேட ஆரம்பித்தேன். அப்படிச் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. தேடும்போது ஒன்று ஆச்சரியமாக இருந்தது. சைக்கிளுக்குத் தனிப்பாதை வேண்டாம் என்று இங்கிலாந்தில் உரக்கக் குரல் கொடுத்தவர்கள் கார்க்காரர்கள் இல்லை. சைக்கிள்காரர்கள்.

1934 டிசம்பர் 14. லண்டனுக்கு மேற்கே வெஸ்டர்ன் அவென்யூ என்ற புதிய அகலச் சாலை. ஹேங்கர் லேனிலிருந்து கிரீன்ஃபோர்டு வரை, சாலையின் இரண்டு பக்கமும், இரண்டரை மைல் நீளத்துக்கு, எட்டரை அடி அகலத்தில் கான்கிரீட் பாதை. சைக்கிளுக்கு மட்டும். திறந்து வைத்தவர் போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா. பாதசாரிகள் சாலையைக் கடக்கும் இடத்தில் மஞ்சள் உருண்டை விளக்குக் கம்பம் வைத்தாரே, அந்த மனிதர்தான். அந்த விளக்குக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.

அப்படி ஒரு பாதை போட வேண்டிய அவசரம் அவருக்கு இருந்தது. 1930-ல் பிரிட்டன் கார்களுக்கான வேக வரம்பையே எடுத்துவிட்டது. பழைய 20 மைல் வரம்பை யாரும் மதிப்பதில்லை, அப்புறம் எதற்கு அது என்பது வாதம். 1934-ல் சாலையில் செத்தவர்கள் 7,343 பேர். அப்போது அந்த நாட்டில் மொத்தம் ஓடிய மோட்டார் வண்டிகளே சுமார் 24 லட்சம்தான். செத்தவர்களில் சுமார் 1,500 பேர் சைக்கிளில் போனவர்கள். பெரும்பாலும் ஃபேக்டரிக்குப் போய்வந்த தொழிலாளிகள். மறுபடியும் ஊருக்குள் 30 மைல் வரம்பு வந்தது 1935-ல்தான்.

ஆக அமைச்சர் பாதை போட்டார். சைக்கிள்காரர்கள் மாலை போட்டு வரவேற்றிருக்க வேண்டும் இல்லையா? அவர்களுடைய பெரிய சங்கமான சி.டி.சி. கடுமையாக எதிர்த்தது. 1878-ல் தொடங்கிய சங்கம் அது. நல்ல சாலை வேண்டும் என்று கார் வருவதற்கு முன்னாலேயே இங்கிலாந்தில் பிரச்சாரம் செய்தவர்கள் அவர்கள். 1888-ல் வந்த ஒரு சட்டம் சைக்கிளையும் 'வண்டி' என்று ஏற்றுக்கொண்டது. அதாவது குதிரை வண்டிக்கு இருக்கும் உரிமை சைக்கிளுக்கும் உண்டு. போராடி வாங்கிய சொத்து அது. "நேற்று வந்த கார்க்காரனுக்காக நாங்கள் ஏன் இறங்கி ஓரமாகப் போக வேண்டும்?" என்பதுதான் அவர்களுடைய வாதத்தின் சாரம்.

வெறும் வீம்பு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அந்தப் பாதைகளில் உண்மையான கோளாறு இருந்தது. சாலை நேராக, ஆபத்தில்லாமல் போகிற இடத்தில் பாதை இருக்கும். கிளைச்சாலை வந்து சேரும் இடத்தில், அதாவது அடிபட வாய்ப்புள்ள இடத்தில், பாதை அறுந்துபோகும். கார்க்காரர் நேராகப் போவார். சைக்கிள்காரர் ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று நின்று வழிவிட வேண்டும். திருமங்கலத்தில் நான் நின்ற நிலைமைதான்.

இன்னொரு பயமும் அவர்களுக்கு இருந்தது. இன்றைக்கு 'விருப்பமிருந்தால் போங்கள்' என்பார்கள், நாளைக்கு 'அதில்தான் போக வேண்டும்' என்பார்கள் என்று. இது கற்பனைப் பயம் இல்லை. அதே 1934-ல் ஜெர்மனியில் நாஜி அரசு கொண்டுவந்த சாலைச் சட்டம், சைக்கிள் பாதை இருக்கும் இடத்தில் சைக்கிள்கள் அதில்தான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. சைக்கிள்காரரின் உயிரைக் காப்பதைவிட, காருக்குச் சாலையைக் காலி செய்து கொடுப்பதுதான் அதன் முக்கிய நோக்கம். அந்தப் பொதுவான கட்டாயம் அங்கே தளர்ந்தது 1990-களின் கடைசியில்தான்.

ஆனாலும் சி.டி.சி.காரர்களிடம் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. பெயரிலேயே அது சுற்றுலா சங்கம். ஞாயிற்றுக்கிழமை கிராமத்துச் சாலைகளில் ஐம்பது அறுபது மைல் ஓட்டி, டீ குடித்துவிட்டுத் திரும்புகிற மனிதர்களின் சங்கம். திடமான கால், பழகிய கண். வெஸ்டர்ன் அவென்யூவில் நைட் ஷிஃப்ட் முடித்து மழையில் தூக்கக் கலக்கத்தோடு திரும்பும் தொழிலாளியின் இடத்தில் நின்று அவர்கள் யோசித்தார்களா? சைக்கிள் பற்றி யார் பேசினாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது. எனக்கு நானேயும்தான்.

(நடுவில் ஒரு விஷயம். அன்றைய இங்கிலாந்துத் தொழிலாளிகள் ஓட்டிய வண்டிகளில் பர்மிங்காமில் செய்த ஹெர்குலிஸும் ஒன்று. 1949-ல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பித்து, அம்பத்தூரில் அதே ஹெர்குலிஸைச் செய்தார்கள். நம் தாத்தாக்கள் பின்னால் கேரியரில் மூட்டை கட்டி ஓட்டிய வண்டி. வண்டி வந்தது, வழக்கும் பின்னாலேயே வந்துவிட்டது.)

உலகப் போர் முடிந்தது. 1930-களில் போட்ட பாதைகள் பல மைல் நீளத்துக்கு இருந்தும் மெல்ல மறந்துபோயின. சிலது புல்முளைத்தது, சிலது கார் நிறுத்துமிடம் ஆனது. பிரிட்டனில் 1949-ல் ஒரு வருஷத்துக்குச் சுமார் 2,400 கோடி கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டியிருக்கிறார்கள். 1973-ல் அது 400 கோடிக்கும் கீழே. சங்கம் காப்பாற்றிய உரிமை சட்டப் புத்தகத்தில் பத்திரமாக இருந்தது. அதை அனுபவிக்கத்தான் ரோட்டில் ஆள் இல்லை.

அந்தக் கட்சியின் கடைசிப் பெரிய வக்கீல் என்று நான் நினைப்பது ஜான் ஃபாரஸ்டரை. லண்டனில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன பொறியாளர். நாவலாசிரியர் சி.எஸ். ஃபாரஸ்டரின் மகன். 1970-களின் ஆரம்பத்தில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரம் சில சாலைகளில் சைக்கிள்கள் நடைபாதையில்தான் போக வேண்டும் என்று விதி போட்டது. அவர் வேண்டுமென்றே சாலையில் ஓட்டி, அபராதம் வாங்கி, வழக்காடினார். 1976-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய கொள்கை சுருக்கமாக இது: சைக்கிள் ஒரு வண்டி, ஓட்டுபவர் ஒரு டிரைவர். டிரைவர் மாதிரியே நடந்துகொள். ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போகாதே, லேனின் நடுவில் போ, கை காட்டு, திரும்பு.

இந்த ஆள் சொன்னதில் பாதி சரி. அதுதான் சிக்கல். பின்னால் வரும் வண்டி இடித்துவிடும் என்று நாம் நடுங்குகிறோம். ஆனால் நகரங்களில் பெரும்பாலான மோதல்கள் சந்திப்பிலும் திரும்பும் இடத்திலும் நடக்கின்றன என்று அவர் விடாமல் சொன்னார். மோசமாகப் போட்ட சைக்கிள் பாதை அந்த ஆபத்தைக் கூட்டும் என்பதும் உண்மை. லேனின் நடுவில் ஓட்டிப் பாருங்கள், பின்னால் வருகிறவர் உங்களைப் பார்த்தே ஆகவேண்டும். நான் இன்றைக்கும் பாடி மேம்பாலத்தடியில் அதைத்தான் செய்கிறேன். கெட்ட வார்த்தை கிடைக்கும், அடி கிடைக்காது.

ஆனால் இது யாருக்கு முடியும்? முப்பது வயது ஆண், நல்ல மூச்சு, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம். அவருக்கு முடியும். அறுபத்தைந்து வயதுப் பூக்காரம்மாவுக்கு? எட்டாவது படிக்கும் பெண்ணுக்கு? ஃபாரஸ்டர் 2020-ல் காலமாகும்வரை தன் கொள்கையிலிருந்து அசையவில்லை. அமெரிக்காவில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் அப்போதும் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இதற்கு அவர் ஒருவர்தான் காரணம் என்பது அநியாயம். அந்த நாட்டின் தூரங்கள் அப்படி, பெட்ரோல் விலை அப்படி. ஆனால் தனிப்பாதை வேண்டாம் என்று நினைத்த அதிகாரிகளுக்கு ஒரு சைக்கிள்காரரே சாட்சி சொன்னது வசதியாகப் போயிற்று.

சரி, அப்போ எல்லாவற்றையும் பிரித்துவிட்டால் போதுமா? அதையும் ஒரு ஊர் செய்து பார்த்துவிட்டது. லண்டனுக்கு வடக்கே ஸ்டீவனேஜ். 1946-ல் புதுநகரமாக அறிவிக்கப்பட்டது. அதன் தலைமைப் பொறியாளர் எரிக் கிளாக்ஸ்டன் தினமும் சைக்கிள் மிதித்தவர். ஊர் முழுக்க அகலமான தனிப்பாதைகள், ரவுண்டானாக்களுக்கு அடியில் சுரங்க வழிகள். சைக்கிளும் காரும் சந்திக்கவே தேவையில்லை. படத்தில் பார்த்தால் நமக்குப் பொறாமை வரும். 2011 கணக்கெடுப்பில் அங்கே சைக்கிளில் வேலைக்குப் போனவர்கள் சுமார் 3 சதவீதம்.

ஏன் இப்படி? கிளாக்ஸ்டன் சைக்கிளுக்கு எவ்வளவு அருமையாகப் போட்டாரோ, காருக்கும் அவ்வளவு அருமையாகப் போட்டார். அகலமான சாலை, நெரிசல் கிடையாது, எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். கார் வாங்க வசதி வந்ததும் ஜனங்கள் காரில் ஏறிவிட்டார்கள். மழை பெய்யும் ஊரில் வேறென்ன செய்வார்கள்?

இந்த இடத்தில்தான் நெதர்லாந்து. சைக்கிள் பேச்சு என்றால் எல்லாரும் அங்கேதான் போய் நிற்பார்கள், நானும் போகிறேன், மன்னிக்கவும். ஆனால் 'அவங்க ஊரு சமதளம், அவங்க ரத்தத்துலயே சைக்கிள் இருக்கு' என்ற கதையை மட்டும் நம்பாதீர்கள். 1950-களுக்குப் பிறகு அங்கேயும் சைக்கிள் சரிந்தது. சதுக்கங்கள் கார் நிறுத்துமிடமாயின. 1972-ல் மட்டும் சாலையில் செத்தவர்கள் 3,200-க்கு மேல். அந்த ஆண்டுகளில் வருஷத்துக்கு 400-க்கு மேற்பட்ட குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் போகும் வழியில் மகளை இழந்த விக் லாங்கென்ஹோஃப் என்ற பத்திரிகையாளர் 1972-ல் ஒரு கட்டுரை எழுதினார். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பது தலைப்பு. அதே பெயரில் இயக்கம் பிறந்தது. அதன் முதல் தலைவராக இருந்த மார்ட்யே வான் புட்டன் அப்போது இளம் தாய். பெற்றோர்கள் தெருவை அடைத்து மேஜை போட்டுச் சாப்பிட்டார்கள், குழந்தைகளை விளையாட விட்டார்கள். 1973 நவம்பரில் எண்ணெய் நெருக்கடி வந்து அரசே ஞாயிற்றுக்கிழமைகளில் காரை நிறுத்தியபோது, நெடுஞ்சாலையில் ஜனங்கள் சைக்கிள் ஓட்டினார்கள்.

இதுவரைக்கும் பலருக்குத் தெரிந்த கதை. எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்கப்புறம் நடந்த ஒரு தோல்வி. 1970-களின் நடுவில் அரசு காசு கொடுத்துத் தில்பர்கிலும் ஹேக்கிலும் ஊரின் குறுக்காக ஆளுக்கொரு அழகான சைக்கிள் பாதை போட்டார்கள். முடிவு? பக்கத்துத் தெருக்களில் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் புதுப்பாதைக்கு மாறினார்கள். மொத்த எண்ணிக்கை பெரிதாக ஏறவில்லை. ஒற்றைப் பாதை எவ்வளவு நன்றாக இருந்தாலும், வீட்டிலிருந்து அதுவரை போவது எப்படி, அது முடிந்த இடத்திலிருந்து கடைக்குப் போவது எப்படி? 1980-களில் டெல்ஃப்ட் நகரம் இதிலிருந்து பாடம் கற்று, ஊர் முழுக்க அறுந்த இடங்களைத் தேடித் தேடி இணைத்தது. இங்கே ஒரு சின்னப் பாலம், அங்கே ஒரு சுரங்கவழி. பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. வேலை செய்தது.

அதைவிட எனக்குப் பிடித்தது க்ரோனிங்கன். நாட்டின் வடக்கே இருக்கும் பல்கலைக்கழக ஊர். மாக்ஸ் வான் டென் பெர்க் என்ற இடதுசாரி, தன் இருபதுகளிலேயே நகராட்சியில் பொறுப்புக்கு வந்தவர். அவர் முன்னின்று கொண்டுவந்த போக்குவரத்துத் திட்டம் 1977 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. நகர மையத்தை நாலு துண்டாகப் பிரித்தார்கள். ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குக் காரில் நேராகப் போக முடியாது. வெளியே போய் வட்டச்சாலையைச் சுற்றித்தான் வர வேண்டும். சைக்கிளும் நடந்து போகிறவரும் நேராகப் போகலாம். அவ்வளவுதான். ஒன்வே போர்டு, தடுப்பு, பூந்தொட்டி. கடைக்காரர்கள் கொதித்தார்கள், வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். இன்றைக்கு அந்த நகரத்துக்குள் நடக்கும் பயணங்களில் பாதிக்கு மேல் சைக்கிளில். 2017-ல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரம் அதே யோசனையை எடுத்துக்கொண்டது.

இதில் என்ன நடந்திருக்கிறது பாருங்கள். 'ஓரமாப் போ' என்ற வார்த்தையைத் திருப்பிக் காரைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். சுற்று வழி காருக்கு, நேர் வழி சைக்கிளுக்கு. இஞ்சின் உள்ளவருக்குச் சுற்றினால் மூணு நிமிஷம் கூட ஆகும். கால் வலிக்கப் போவதில்லை.

மெயின் ரோடா, உள்ரோடா என்ற கேள்வியே டச்சுக்காரர்களுக்குச் சிரிப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன். வேகமாக வண்டி ஓடியாக வேண்டிய பெரிய சாலை என்றால் தனிப்பாதை, சந்திப்பையும் சேர்த்து. வீடுகள் இருக்கும் தெரு என்றால் பாதையே தேவையில்லை. வேகத்தை 30-க்குக் கீழே கொண்டுவந்து, குறுக்குவழியாக நுழையும் வண்டிகளை அடைத்துவிடுவார்கள். டெல்ஃப்டில் தெருவை நெளித்து, மரம் நட்டு, நடக்கிறவருக்கு முன்னுரிமை கொடுத்த 'வூனெர்ஃப்' தெருக்களுக்கு 1976-லேயே சட்ட அங்கீகாரம் கிடைத்தது. அங்கே அமைதியான தெரு என்பது சைக்கிள்காரர் தேடிக் கண்டுபிடிக்கிற பொருள் இல்லை. நகராட்சி உட்கார்ந்து செய்கிற பொருள். நம் முகப்பேர் தெரு அமைதியாக இருப்பது இன்னும் அந்தக் குறுக்குவழி மேப் ஆப்புக்குத் தெரியாததால். தெரிந்த அன்றைக்குக் கதை முடிந்தது.

அவர்களும் முழுசாக ஜெயித்துவிடவில்லை. 2022-ல் நெதர்லாந்தில் சாலையில் இறந்தவர்கள் 737 பேர், அதில் 290-க்கு மேல் சைக்கிளில் போனவர்கள். நிறையப் பேர் வயதானவர்கள். வயதான காலத்திலும் சைக்கிள் ஓட்ட முடிகிற நாட்டுக்கு வருகிற சிக்கல் அது.

நம் பக்கம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கொல்கத்தாவில் 2013-ல் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை என்று போலீஸ் அறிவித்தது. 1930-களில் அந்த ஆங்கிலேயச் சங்கம் பயந்ததைவிட ஒரு படி மேல். இங்கே மாற்றுப் பாதைகூடப் போட்டுத் தராமல் தடை. அடிபட்டவர்கள் பால்காரர்கள், பேப்பர் போடுகிறவர்கள், சாமான் டெலிவரி செய்கிறவர்கள். சென்னை மாநகராட்சி 2014-ல் வேறு மாதிரி யோசித்தது. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கை ஒன்றை ஏற்று, போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதம் அதற்கு என்று எழுதி வைத்தது. அகலமான சில நடைபாதைகள் வந்தன, பாண்டி பஜார் மாறியது. சைக்கிளுக்கு என்ன வந்தது என்று கேட்டால் நான் கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருக்கும்.

புதுக்கோட்டையை விட்டுவிட மனசில்லை. 1990-களின் ஆரம்பத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் அங்கே சைக்கிள் கற்றார்கள். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பின்னால் நின்றார், பி. சாய்நாத் எழுதி உலகத்துக்குத் தெரிந்தது. கிண்டல் செய்தவர்களைச் சமாளித்தார்கள். புடவையைச் சமாளித்தார்கள். ஆனால் அந்தச் சாலைகளில் லாரியை மட்டும் அவ்வளவாகச் சமாளிக்க வேண்டியிருக்கவில்லை. விழுந்து எழுந்து கற்றுக்கொள்ள இடம் இருந்தது. 2001-க்குப் பிறகு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டது. அதே பிள்ளைகள் போகும் சாலைகளை இதற்குள் நாலுவழிச் சாலையாக்கிவிட்டோம். சைக்கிளைக் கொடுத்த துறை வேறு, ரோடு போட்ட துறை வேறு.

சி.டி.எச். ரோட்டில் விடியற்காலை அஞ்சரைக்குப் போய் நின்றால், சைக்கிள் ஓட்டுவது யார் என்று தெரியும். ஹெல்மெட் போட்ட என் மாதிரி ஆட்கள் இரண்டு மூன்று பேர். மற்றவர்கள் எல்லாம் டிபன் டப்பாவை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போகிறவர்கள், நைட் டூட்டி முடித்துத் திரும்புகிற செக்யூரிட்டிகள். இந்தக் குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில், டீக்கடையில் அவர்களில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். "அண்ணே, உள்ரோட்டுல போனா பயமில்லாமப் போகலாமே?"

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னையும் என் வண்டியையும் ஒரு தடவை பார்த்தார்.

"அது சுத்து தம்பி. லேட்டாப் போனா அரை நாள் சம்பளத்தைப் புடிச்சிடுவான்."